தானாக வந்த கப்பல்

சாட்ஸ்வர்த் மால், சனிக்கிழமை, இரண்டேகால் காட்சி.
நான்கு டிக்கெட், மூன்று பாப்கார்ன்.
சாகரனுக்கு இஞ்சி மிட்டாய் மட்டும்.
கடலைப் பெயராக வைத்துக்கொண்டு
குளியல் தொட்டி தளும்பினாலே தலைசுற்றுகிற மனிதர்,
என் கணவர்.

திரையில் பன்னிரண்டு வயது மாலுமிப் பெண்.
பல் விழுந்த சுறா ஒன்று.
முதுகில் தென்னை முளைத்த ஆமை.
முதல் புயலிலேயே எனக்குக் கை பரபரத்தது.
பாய் இடப்பக்கம் புடைக்கிறது,
கொடி வலப்பக்கம் பறக்கிறது.
ஒரே காற்று எப்படி இரண்டு மனசாய் அடிக்கும்?
நங்கூரத்துக்குச் சங்கிலியே இல்லை.
"மா, ஷ்ஷ்" என்றாள் கயூரி.
பதினொன்று நடக்கிறது அவளுக்கு.
மாலுக்குள் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிறாள்,
நான் யாரோ என்பதுபோல.

ஒன்று சரியாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.
மழைக்கு முன் தண்ணீர் நிறம் மாறும் அந்த நொடி:
முதலில் தகரம்,
பிறகு ஆறிப்போன தேநீர்.
எங்கேயோ யாரோ ஒருவர்
அதை ஒருதரமாவது நின்று பார்த்திருக்கிறார்.

புதையல் கிடைத்தது. ஆமை அழுதது.
கடைசியில் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது,
தானாக.
பூனை காலில் வந்து உரசுவதுபோல
மேடையோரம் சாய்ந்து நின்றுகொண்டது.
அரங்கம் முழுக்கக் கைதட்டல்.
சாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
நான் தட்டவில்லை.

பதினான்கு வருடம்
பிளஃப் குன்றுக்கும் பாயிண்டுக்கும் நடுவில்
முந்நூறு மீட்டர் இரும்பை
மூக்கால் முட்டி முட்டி உள்ளே சேர்த்திருக்கிறேன்.
தென்மேற்குக் காற்று கிளம்பினால்
அந்த இரும்பு சொன்ன பேச்சு கேட்காது.
ஒரு கப்பலும் இதுவரை
தானாக வந்ததில்லை.

அப்போதுதான் தேவஷன்,
ஏழு வயது, வாய் நிறைய பாப்கார்ன்,
கைதட்டலுக்கு நடுவே உரக்கக் கேட்டான்:
"மா, தள்ளிவிடுற படகு எங்கே?"
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.
கயூரி இருக்கைக்குள் அமிழ்ந்துபோனாள்.

பெயர்கள் ஓடின. எழுந்திருக்க மனமில்லை.
முடிக்கு ஒன்பது பேர்.
நிழலுக்கு இருபது பேர்.
'தண்ணீர்' என்று போட்டு, அதன் கீழே
நாற்பத்தொரு பெயர். எண்ணினேன்.
எங்கள் ஷிப்டில் ஐந்து பேர்தான்.
ஆனால் எங்கள் தண்ணீர்
வரையாமலே வந்துவிடுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.
துடைப்பக்காரர் வந்து
எங்கள் காலடியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

ஞாயிறு விடியல் நாலு மணி.
சர்க்கரைக் கிடங்குப் பக்கமிருந்து பாகு வாசனை.
வடத்தைச் சுருட்டிக்கொண்டே ம்தோகோசிசி கேட்டார்,
"படம் எப்படி, கேப்டன்?"
"கொடி தப்பு" என்றேன்.
"ஹாவ்! காசு கொடுத்து அதையா பார்த்தாய்?"
வெளியே ஒரு கன்டெய்னர் கப்பல்
விளக்கேற்றிக் காத்திருந்தது,
யாராவது வருவார்கள் என்று.

அதை மேடையில் சேர்த்துவிட்டு
சாப்பாட்டுப் பையைத் திறந்தால்
ரொட்டிக்கு அடியில் மடித்து வைத்த பாப்கார்ன் அட்டை.
அட்டையில் அச்சடித்த அந்தப் பாய்மரக் கப்பல்.
அதன் இடுப்பில் மூக்கை வைத்துத் தள்ளுகிறது
நீலப் பேனாவில் வரைந்த குட்டிப் படகு.
ஜன்னலில் ஒரு தலை. தலையில் என் கொண்டை.
தேவஷன் கோடு இப்படி நேராக வராது.
இது கயூரி.

கொடியைப் பார்த்தேன். பாயைப் பார்த்தேன்.
பேனாவால் கொடியை அடித்துத்
திருப்பிப் போட்டிருக்கிறாள்.

புகை மட்டும்
காற்றுக்கு எதிரே போகிறது.
எங்கள் படகு அவ்வளவு புகை விடுவதும் இல்லை.

இன்றைக்குச் சொல்லப்போவதில்லை.