சிவப்புத் தெரியாத பிலிம்

நல்ல பிலிம், ஒரு தாள்
கொழும்பில் இரண்டாயிரத்து நானூறு.
ஒன்றை எரிக்க மூன்று நாள் யோசித்து
யோசித்தபடியே
ஒரு படமும் எடுக்காமல் போன வருசம் அது.

ஆஸ்பத்திரி வீதி மருந்துக் கடையில்
குகபாலன் ஒரு பெட்டியைத் தூசு தட்டிக் காட்டினான்.
"எக்ஸ்ரே பிலிம். நூறு தாள். திகதி முடிஞ்சுது.
எல்லா இடமும் இப்ப கொம்பியூட்டர்தானே,
எட்டாயிரத்துக்குத் தூக்கு."
ஏழரைக்கு இறக்கி,
யாரும் எடுக்காமல் விட்ட நூறு நெஞ்சுகளை
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன்.

இதற்குச் சிவப்புத் தெரியாதாம்.
சாமிப்படத்துக்குப் போடுகிற சிவப்பு பல்பைக்
குளியலறையில் மாட்டி
ஒரு துண்டின் நடுவில் இரண்டு ரூபாய்க் குற்றியை வைத்து
ஐந்து நிமிடம் குந்தியிருந்தேன்.
கழுவிப் பார்த்தேன்.
குற்றியின் வட்டம் விழவில்லை.
நம்பலாம்.

எட்டுக்குப் பத்தை நாலாய் நறுக்க வேண்டும்,
ஒரு நூல் குறைத்து;
இல்லையென்றால் சட்டத்துக்குள் இறங்காது.
இரண்டு பக்கமும் மருந்து.
வாழையிலைக்குக்கூட ஒரு முதுகு இருக்கிறது,
இதற்கு இல்லை.
எந்தப் பக்கம் கிடத்தினாலும்
முகம் குப்புறத்தான்.

தாங்கித் தண்ணீர் முப்பத்திரண்டு பாகை.
அந்தச் சூட்டில் மருந்து
பாற்சோற்று ஆடைபோல் விரலோடு வந்தது.
அப்படிப் போனவை நாலு.
ஐந்தாவதில் கோயில் மதில்:
வெள்ளைப் பட்டை வெள்ளையாய்,
செம்பட்டை புகைக்கூட்டு உட்புறமாய்.
ஆறாவதில் கோப்பாய்த் தோட்டம்.
செம்மண்ணில் யாரோ தார் ஊற்றியிருந்தார்கள்,
வெங்காயத் தாள் மட்டும் நரைத்து நின்றது.

ஐஸ் வேண்டும்.
குருநகரில் ஐஸ் நிறுக்கிற ஜெனோவா கேட்டாள்,
"ரெண்டு கிலோவோ? என்ன மீன்?"
"மீனில்லை. படம் கழுவ."
கட்டியைச் சாக்கில் போட்டு உடைத்தாள்.
"அப்ப என்னை எடு."

ஞாயிறு பூசை முடிந்து வந்தாள், அரக்குச் சேலையில்.
கறுப்புத் துணிக்குள் அவள் தலைகீழாய் நின்றாள்,
கடல் அவளுக்கு மேலே.
அரைச் செக்கன் திறக்க வேண்டும்.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றேன்,
எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று
பிறகுதான் விளங்கியது.
பிடித்தாள்.
அலை மட்டும் அசைந்து கெட்டது.

தட்டத்தின் அடியில் கண்ணாடித் துண்டு,
சுற்றிவர அவளுடைய ஐஸ்.
பாரைமீன் வாசத்தில்
மெல்ல மெல்ல வந்தாள்.

"இவ்வளவு கறுப்போ நான்?"

தோலுக்குள் ஓடுகிற சிவப்பை
இந்த பிலிம் இருட்டாய்த்தான் எடுக்கும், அது அதன் குணம்
என்றெல்லாம் சொன்னேன்.
அவள் கேட்கவில்லை.
கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோவில் மூன்று தரம்
வெள்ளையாக்கி அனுப்பினவை, ரொறன்ரோவுக்கு.
மூன்று தரமும் பதில் இல்லை.
நெகட்டிவை எடுத்து யன்னலில் பிடித்தாள்.
கூந்தல் வெளிச்சம், கன்னம் வெளிச்சம்,
பல் மட்டும் கரி.
"இதை அனுப்பு. பல்லை அவன் திருத்தட்டும்."
சிரித்து முடித்துப்
பிரதியைத் திரும்ப எடுத்தாள்.
கனநேரம் பார்த்தாள்.

"இந்தக் கீறல் ஆற்றை?"
கன்னத்தின் குறுக்கே, மயிரிழை.
"என்ர நகம்."
"இருக்கட்டும்."

போன கிழமை ஐஸ் வாங்கப் போனேன்.
தராசுக்கு மேலே ஆணியில் தொங்குகிறாள்,
ஒரு மூலை உப்புத் தண்ணீரில் ஊதிப்போய்.
நிறுத்து, மேலே ஒரு சில்லுப் போட்டு,
காசை எண்ணியபடி சொன்னாள்:
"இன்னொண்டு அடிச்சுத் தா.
கறுப்புக் குறையக் கூடாது."