இருக்கைகள்: ஒன்று

தாங்கி நல்ல சொல்.
தாங்கும். அவ்வளவுதான் அதன் வேலை.
கம்பெனி தந்தது பதினேழு லீற்றர் தாங்கும்.
காஸல் ஏற்றத்தில் எதிர்காற்றும் பிடித்தால்
இருநூற்றெழுபதிலேயே
மஞ்சள் விளக்குக் கண்ணடிக்கும்.

எனக்கு ஹம்மிலிருந்து ரேகன்ஸ்பேர்க்குக்கு
நிற்காமல் போகவேணும்.
அங்கே ஆரும் இல்லை.
ஐம்பத்திமூன்று வயதில் ஒருத்தனுக்கு
இப்படி ஒன்று வரும், விடுங்கள்.

முதலில் சின்னச் சின்னதாய்த்தான் தொடங்கினேன்:
சக்கரத்துக்குக் காற்று சரிபார்த்தேன்,
சங்கிலிக்கு எண்ணெய்,
நூற்றிமுப்பதை விட்டு தொண்ணூற்றைந்துக்கு இறங்கி
லித்துவேனிய லொறி ஒன்றின் பின்னால்
அதன் நம்பர்தகட்டை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.
நாற்பது கிலோமீற்றர் மிச்சம்.
பிடிக்கவில்லை எனக்கு, மிச்சம் பிடிக்கிற ஓட்டம்.

பிறகுதான் அந்த அலுமினியப் பெட்டி.
பன்னிரண்டு லீற்றர். போல்ட் நான்கு, குழாய் ஒன்று, திருகி ஒன்று,
மூச்சுவிட ஒரு மெல்லிய வயர்க்குழல்.
அதை மறந்தால் பெற்றோல் இறங்காது,
நிறைய இருந்தும் தராமல்
உள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டிருக்கும்.

வைக்க இடம் ஒன்றுதான் இருந்தது.
பின் இருக்கையைக் கழற்றினேன்.

சோதனை நிலையத்தில் குரோட்டே என்ற இன்ஜினியர்
முழங்காலில் நின்று மோந்து பார்த்தார்.
கசிவில்லை.
கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டி
பழைய பத்திரத்தில் இரண்டு என்று இருந்ததை
ஒன்று ஆக்கினார்.
'நல்ல வெல்டிங்' என்றார்.

சுகிர்தமலர் பத்திரத்தைச் சமையல் மேசையில் வாசித்தாள்.
வெங்காயக் கை, ஓரமாய்ப் பிடித்து.
'பெற்றோல் எத்தனை கிலோ?'
ஒன்பது. பெட்டியோடு பன்னிரண்டு.
'நான் ஐம்பத்தெட்டு' என்றாள்.
நான் எழுதாமல் விட்ட கணக்கு அது.
பெட்டி கூட்டிய தூரம் ஒரு பக்கம்,
அவள் இறங்கியதால் கூடிய தூரம் இன்னொரு பக்கம்.

கோபமோ என்று கேட்டேன்.
'பத்தொன்பது வருசமாய் உன்ரை முதுகைத்தான் பார்த்திருக்கிறன்.
ஹார்ஸ் மலை எப்பிடி இருக்கும் எண்டு
எனக்கு இன்னும் தெரியாது'
என்று சொல்லிவிட்டு அடுப்பைக் குறைத்தாள்.

வெள்ளி இரவு கிளம்பினேன்.
சாவியைத் திருப்பியதும் ஹெல்மெட்டுக்குள் அந்தப் பெண்குரல்,
ஜெர்மனில், மிக மரியாதையாக:
இரண்டாவது ஹெல்மெட்டைத் தேடுகிறேன்.
தேடுகிறேன்.
கிடைக்கவில்லை.

காஸல் கடந்தது. ஃபுல்டா கடந்தது.
மஞ்சள் விளக்கு வரவில்லை.
வந்தது வேறு.
இருநூற்றி நாற்பதாவது கிலோமீற்றரில்
அடிவயிறு கல்லாகி,
தொடையை ஒடுக்கி, பாட்டுப் பாடி,
கடவுளோடு ஒரு பேரமும் பேசிப் பார்த்து
நின்றேன்.
ஐந்நூறு கிலோமீற்றருக்குப் பெட்டி செய்தவன்
அதில் பாதிக்கும் ஆகாத பையோடு
ஒரு யூரோ போட்டுத் தடுப்பைத் தள்ளினேன்.
இயந்திரம் ஒரு பற்றுச்சீட்டைத் துப்பியது,
கோப்பிக்குக் கழித்துக்கொள்ளலாமாம்.
கோப்பி குடித்தால் வூர்ஸ்பேர்க்கில் இன்னொரு யூரோ.

அதிகாலை இரண்டு நாற்பது.
லொறிகள் திரை இழுத்துத் தூங்கின.
வண்டியைச் சுற்றி வந்து
பெட்டியை மொழியால் தட்டினேன்.
மேலே டங், டங்.
கீழே வர வர ஒலி தடித்து
ஓரிடத்தில் வாயை மூடிக்கொண்டது.
அதுவரை நிறைவு.
போவதற்கு இன்னும் நிறைய இருந்தது.
திரும்புவதற்கும் அதுவே போதும்.

ஆறரைக்கு ஹம்மில், எங்கள் கராஜுக்குள்
இன்ஜினை அணைக்கப் போகையில்
அந்தக் குரல் கேளாமலே பேசியது:
இணைக்கப்பட்டது.

மேல்தட்டில், பெயின்ற் டின்களுக்கு நடுவே
அவளுடைய ஹெல்மெட்.
வயர் செருகி, பச்சை விளக்கு எரிய.
கீழே, ஒரு ஓட்டுநர் பள்ளியின் துண்டுப்பிரசுரம்,
நாலாய் மடித்தது.

நான் அதை விரித்துப் பார்க்கவில்லை.
அவசரமாய் மேலே ஓடினேன்,
மறுபடியும் வந்துவிட்டது.