சிறிய எழுத்து

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஏசிக் கடையின் மூன்றாவது வரிசையில்
சோயா சாஸ் பாட்டிலைத் தலைகீழாய்ப் பிடித்து
போன் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.
எறும்பும் கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டிய எழுத்து.
அதன்மேல் விலைச்சீட்டு வேறு.
நகத்தால் சுரண்டுகிறேன்.
கடைப் பையன் ஒன்றும் கேட்கவில்லை,
நூடுல்ஸ் அடுக்குவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

தண்ணீர், சோயா, உப்பு,
பிறகு பசைக்கு அடியிலிருந்து
பாதி முகம் காட்டுகிறது
கோதுமை.

சரி, மிளகாய் சாஸ்.
கெட்டிப்படுத்தும் பொருள்
ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டு.
யார் வீட்டு மாவப்பா அது?
சோளமா, மரச்சீனியா,
எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த மற்றவனா?
பாட்டிலில் இருந்த நம்பருக்கு அழைத்தேன்.
இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு.
ஏழு நிமிடம் புல்லாங்குழல்.
கடைசியில் ஒரு பெண் சொன்னாள்:
'லேபிளைப் பாருங்க மேடம்.'
'அதத்தான் மக்ளே பாத்துட்டு நிக்கேன்.'

தக்காளி சாஸில் ஒன்றும் எழுதவில்லை.
எழுதாதது இல்லாததா,
எழுதாமல் விட்டதா?

இப்படிச் சந்தேகப்படுகிறவள் இல்லை நான்.
நாகர்கோவில் டாக்டர் சொன்ன அன்றே
பிஸ்கட்டை நிறுத்தினேன், பரோட்டாவை நிறுத்தினேன்,
கோதுமை டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.
அப்புறமும் எட்டு மாதம்
ரெனிஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.
ஒருநாள் சாம்பாருக்குக் கிள்ளும்போது
பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்.
அரபிப் பசை, மைதா.
எட்டு மாதம்.
தினம் ஒரு சிட்டிகை.
என் கையால்.

மரச்சீனிக்கு லேபிள் இல்லை.
சாளைக்கு இல்லை, தேங்காய்க்கு இல்லை.
ஆனால் பத்து வயசுக்காரன் எத்தனை நாள்
மரச்சீனியும் மீன்கறியும் என்று இருப்பான்?
அவனுக்கு ஃப்ரைடு ரைஸ் வேண்டும்,
பெஞ்சில் பக்கத்துப் பையன் தின்கிற நிறத்தில்.

வெறும் உப்பும் மிளகும் வாங்கி வந்தேன்.
மிளகைக்கூட முழுசாக, பொடியாக இல்லை.

அடுத்த ஞாயிறு ஐரேனிபுரத்தில்
டார்லிங் ஷீபா மகளுக்குப் பிறந்தநாள்.
சிக்கன் தட்டுகள் வந்தன, நடுவில் சாஸ் பாட்டில்.
நான் எழும்புவதற்குள்
ரெனிஷ் அதை எடுத்துத் திருப்பினான்.
ஆங்கில வாசிப்பில் தடுமாற்றம் என்று
டீச்சர் சிவப்பில் எழுதி அனுப்பிய பையன்.
உதடு அசைய, விரல் வைத்து,
ஒரு வரிகூட விடாமல் போனான்.
மால்ட் வினிகர் என்ற இடத்தில் நின்றான்.
பார்லி, என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்து
விரலைச் சட்டையில் துடைத்தான்.
கேக் வெட்டும்போது எல்லோரையும்விடச் சத்தமாய்க்
கைதட்டினான்,
மேசையிலிருந்து ஓரடி தள்ளி நின்று.