பழுது இல்லை

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று
எங்கள் ஊரைப் பற்றி ஒரு பட்டியல் சொல்வார்கள்.
இந்த மே மாதம் நானும் ஒன்று சேர்த்தேன்:
ஐஸில்லாத ஃப்ரீசர்.

சத்துவாச்சாரி, இரண்டாவது மாடி, மேலே மொட்டைமாடி.
குல்ஃபிக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் பாயசம்.
வஞ்சிரத்தை விரலால் அழுத்தினால் பள்ளம்.
ஐஸ் தட்டில் மேலே கண்ணாடித் தோல்,
கீழே வெறும் தண்ணீர்.

'கேஸ் லீக்' என்றார் இவர்
பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.
என் நெஞ்சுவலிக்கும் கேஸ் என்றவர்தான்.
மைத்துனர் போனில் 'லோ வோல்டேஜ்' என்றார்.
எதிர்வீட்டு ஜெசிந்தா
கண் பட்டிருக்கும் என்றாள்.
நாலு மாதத் தவணை பாக்கியுள்ள பெட்டியின் மேல்
யார் கண்?

ஞாயிறு மதியம்
மேல்விஷாரத்திலிருந்து இம்தியாஸ் வந்தான்.
ப்ளக்கில் மீட்டர் வைத்தான்: இருநூற்றுப் பதினெட்டு.
கம்ப்ரஸர் மேல் உள்ளங்கை வைத்துக்
கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.
பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி
இழுத்தான். வரவில்லை. ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது.
பிறகு உள்ளே பின்தகட்டைக் கழற்றினான்.

காயில் தெரியவில்லை.
காற்று போகிற வழியெல்லாம் அடைத்துக்கொண்டு
ஒரு வெள்ளைச் சுவர்,
அதில் இறக்கை முட்டி நிற்கிற சின்ன ஃபேன்.
ஹீட்டரைச் சோதித்தான், சென்சரைச் சோதித்தான்.
இரண்டும் உயிரோடு இருந்தன.

'ஈரக் காத்து உள்ள போயிருக்குக்கா, நெறைய.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்க?'
'நாலு. அஞ்சு.'
'ராத்திரி?'

ராத்திரியைப் பற்றி
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
'ராத்திரி யார் திறக்கப் போறாங்க' என்றேன்.

அவன் டார்ச்சை மேல் விளிம்பில் பிடித்தான்.
சுற்றிலும் பூத்திருந்த பனியில் அங்கே மட்டும்
உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஒரு குழி.
என் உயரத்துக்குச் சரியாக.
டார்ச்சை அணைத்துவிட்டு
ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தான்.

இரண்டு மணி வாக்கில்
நெஞ்சுக்குழியில் பற்றிக் காதுவரை ஏறும்.
நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.
விளக்குப் போடாமல் போய்க் கதவைத் திறந்து
விளிம்பில் நெற்றியைச் சாய்ப்பேன்.
பட்டாணிப் பாக்கெட் தொண்டைக்கு.
நூறு எண்ணுவேன். சில நாள் முந்நூறு.
வெயில்தான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்புவேன்.
தைமாதத்திலும் அதையேதான் சொன்னேன்.

அவ்வளவும் என் மூச்சா,
அந்தச் சுவர்?

'அணைச்சிட்டு ரெண்டு கதவையும்
ஒரு ராத்திரி தொறந்து வைங்க. கத்தி போட்டுக் கீறாதீங்க.'
ரசீதில் பழுது என்ற இடத்தில்
'இல்லை' என்று எழுதினான். முந்நூற்றைம்பது ரூபாய்.
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல்,
'எங்கம்மா ஈரத் துண்ட மடிச்சுக்
கீழ்த்தட்டுல வச்சிருப்பாங்க.
எடுத்துக்கிட்டுக் கதவச் சாத்திருவாங்க' என்றான்.

அன்று ராத்திரி சொட்டியது, சொட்டியது,
ஒரு மணிக்குப் பாளமாக உடைந்து விழுந்தது.
சத்தம் கேட்டு எழுந்து வந்தவர்
ஈரத்தில் கால் வைத்துவிட்டு நின்றார்.
'கேஸா?'

'இல்லை' என்றேன்.
'அந்த வாளியை இப்படித் தள்ளிவிட்டு
உட்காருங்கள்.'