கோடு போடும் வேலை

பெட்டி வரையத் தெரியும் என்று
என்னைப் பிடித்துவிட்டார்கள்.
சிங்கோலா தாமிரச் சுரங்கக் கிடங்கில் பதினான்கு ஆண்டு
போல்ட்டு, நட்டு, தலைக்கவசம் எண்ணியவள் நான்.
எது எந்த அலமாரி, எவர் கையெழுத்துக்கு எது நகரும்
என்று வரைந்து சுவரில் ஒட்டியவள்.
"அதையே சபைக்கும் வரைந்து கொடு, கபம்ப்வே"
என்றார் போதகர் சிபேசா,
பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதுபோல.

கராஜில் தொடங்கியபோது பதினொரு பேர்.
எண்ணெய்க் கறைமேல் பாய் விரித்திருப்போம்.
தகரத்தில் மழை கொட்டினால் பிரசங்கம் நின்றுவிடும்,
எல்லோரும் சேர்ந்து சும்மா இருப்போம்.
அன்று நிர்வாகம் என்று ஒன்று இருந்ததென்றால்
அது அவருடைய கால்சட்டைப் பை.
கதவுச் சாவி அதில். காணிக்கை டப்பாவின் சாவி அதில்.
யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சோளமாவு தீர்ந்தது
என்று கிறுக்கிய துண்டுச் சீட்டுகளும் அதில்தான்.

இப்போது முந்நூற்று நாற்பது பேர்.
பை கிழியாமல் என்ன செய்யும்?

லுபுட்டோ, மினிபஸ் ஓட்டுகிறவர்,
பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல்,
ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
ஒருவரும் போகவில்லை.
உதவிக்காரர்கள் போயிருப்பார்கள் என்றது பாடகர் குழு.
போதகர் போயிருப்பார் என்றார்கள் உதவிக்காரர்கள்.
போதகர் அந்த வாரம்
கழிவறை கட்ட சிமெண்ட் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.
அடுத்த ஞாயிறு லுபுட்டோ தானே நடந்து வந்தார்,
கடைசி வரிசையில் உட்கார்ந்தார்,
பாடவில்லை.

செவ்வாய்க் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய்.
மூப்பர்கள் வேண்டும்.
மூப்பர் வந்தால் முதல் வரிசைக்குச் சண்டை வரும்.
சாசனம் எழுதுங்கள்.
அன்பு இருந்தால் சாசனம் எதற்கு?
"அன்பு இருந்ததே, ஒன்பது நாளும்."
அது போதகரின் மனைவி முசோண்டா.
அதன்பின் மின்விசிறி மட்டும் பேசியது.

கதவோரம் முலெங்கா எழுந்தாள்.
ஞாயிறு விடியுமுன் வந்து
பிளாஸ்டிக் நாற்காலி பிரித்துப் போடுகிறவள்,
அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசாதவள்.
"நாலாம் வரிசை ஓரம்.
கால் நீட்ட இடம் விட்டுப் போடுவேன் அவருக்கு.
இரண்டு ஞாயிறு காலியாகக் கிடந்தது.
பார்த்தேன்.
யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை."

கோடு என்றால் மேலிருந்து கீழே இறங்கும் உத்தரவு என்றே
கிடங்கில் கற்றிருந்தேன்.
அன்றிரவு மின்சாரம் போனபின் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு
கீழிருந்து போட ஆரம்பித்தேன்.
முலெங்கா இவரிடம் சொல்லலாம்.
இவர் கேட்டாக வேண்டும்.
கேட்டவர் வியாழனுக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும்.

போதகர் பெயரை நடுவில் எழுதினேன்.
எல்லாக் கோடும் அங்கே போய் முட்டிக்கொண்டது. அழித்தேன்.
உச்சியில் எழுதினேன்,
சுரங்க மேலாளர்போல இருந்தது. அழித்தேன்.
மூன்றாம் தரம் தாளில் ஓட்டை விழுந்தது.
வேறு தாள் இல்லை.
அதையே கொண்டுபோனேன்.
அவர் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியே என்னைப் பார்த்தார்,
சிரித்தாரா என்று சொல்ல முடியாது.

ஜனவரி மழையில் கை உயர்த்தினார்கள்.
ஆறு மூப்பர்கள், அதில் இருவர் பெண்கள்.
அந்த இருவரை முன்னிட்டு
மூன்று குடும்பம் வேறு சபை பார்த்துப் போயிற்று.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன், காரணம் எழுதவில்லை.

சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார்.
காணிக்கை டப்பாவின் சாவி வளையத்தில் சிக்கி
அவர் நகம் மடங்கியது.
கடைசியில் ஒன்று மிஞ்சியது.
துருப்பிடித்தது. எந்தப் பூட்டுக்கு என்று
அவருக்கும் தெரியவில்லை.
கராஜ் காலத்ததாக இருக்கும் என்றார் ஒருவர்.
"இது என்னிடமே இருக்கட்டுமே"
என்றார், யாரையும் பார்க்காமல்.

எழுதிக்கொண்டேன்:
சாவி ஒன்று. பூட்டு இல்லை.
போதகர் வசம்.