ஆறாம் குழாய்

எட்டு மணிக்குத்தான் மின்சாரம் வந்தது டர்பனுக்கு.
கருவியைத் திறந்தோம், நானும் நொக்வாண்டாவும்.

இருபத்திரண்டே எழுத்து, ரத்தத்தில் அலையும் துணுக்கு.
அது வந்து பற்றினால்
மடிந்துகிடக்கும் கொண்டையூசி விரியும்,
சாயம் பச்சையாய்ச் சுடரும்.
வராவிட்டால் இருட்டு.

சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த முப்பது குழாய்களில்
ஒன்பது சுடர்ந்தன. எதிர்பார்த்ததுதான்.

கடைசி வரிசை நோயற்றவர்களுடையது;
இருண்டே கிடக்கவேண்டும்.
ஆறாம் குழாயில் ஒரு மினுக்கம்.

"பின்னணி வெளிச்சம்" என்றாள்.
மறுபடி வைத்தோம்.
பிறகு புதுச் சாயம், வேறு குழாய்.
மினுக்கம் அப்படியே.

"யாருடையது ஆறு?"
"எண்தானே இருக்கிறது, பெயர் கிடையாதே" என்றேன்,
ஆள் போதவில்லையென்று போன செவ்வாய்
நானே கை நீட்டியதைச் சொல்லாமல்.

முழங்கை மடிப்பில் ஊசி குத்திய கன்றல்
இன்னும் மஞ்சளாய்.
ஸ்லீவை இறக்கிவிட்டு
நோட்டில் அளவை எழுதினேன்,
தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்வரை.