நனைந்தால் கிழியும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பஸ் இரைச்சல் தூணில் மோதித் திரும்புகிற இடத்தில்
என் அச்சகம்.
ஒரு பழைய ஆப்செட், ஒரு கட்டிங் மெஷின்,
சோபனதாஸ் என்றொரு ஆபரேட்டர்,
மூன்று மாத வாடகை பாக்கி.

தேன் விற்கிற ஜெபக்கனி
லேபிள் கட்டைத் திருப்பி மேசையில் வைத்தாள்.
“இதுக்க மேல பளபளன்னு ஒட்டியிருக்கியே,
அது என்னது?”
லாமினேஷன், என்றேன்.
“தேன் தீந்த பிறவு அது எங்க போவும்?”

கடுப்பாகத்தான் இருந்தது.
பதினாறு வருஷத்தில்
மை காய்ந்ததா என்று கேட்டிருக்கிறார்கள்,
மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதென்று
குடும்பத்தோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.
எங்கே போகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி உருளை கழுவிய மண்ணெண்ணெய்
பின்வாசல் ஓடையில் இறங்குவதை
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு,
அப்புறம் எல்லாம் கலந்த ஒரு நிறம்.
வண்ண அட்டையில் அதற்கு எண் கிடையாது.
ஓடையோரம் மட்டி வாழை.
போன வாரம் அந்தக் குலையில்தான்
ஒரு சீப்பு வாங்கித் தின்றேன்.
ருசியாக இருந்தது. அதுதான் தொந்தரவு.

பிறகு கணக்கு.
மறுசுழற்சித் தாள், சோயா எண்ணெய் மை, மேலே ஒன்றும் ஒட்டுவதில்லை:
லேபிளுக்கு நாற்பது பைசா கூடுதல்.
இரண்டு சாயா ஆறிப்போகும்வரை பேசினோம்.
பன்னிரண்டு அவள், பன்னிரண்டு நான்,
மீதிப் பதினாறு தேன் வாங்குகிறவர் தலையில்.
ஒப்பந்தம் என்றெல்லாம் எழுதவில்லை,
தப்பாய் அச்சான கல்யாணக் கார்டின் பின்பக்கம்
பென்சிலில் மூன்று எண்கள்.

வெட்டிய ஓரங்களில் மை படாதவை
சாக்கில் கட்டி அவளுக்குப் போகும்;
தெர்மாகோலுக்குப் பதில்
குப்பிகளுக்கு நடுவே என் வெள்ளைச் சுருள்கள்.
தேங்காப்பட்டணம் பீர்கண்ணு
கயிற்று ஆலையிலிருந்து நார்த்தூள் இரண்டு மூட்டை அனுப்பினார்.
கழுவின மையைக் குடித்து அது கறுக்கிறது.
பதிலுக்கு அவருடைய பில் புத்தகம்
இரண்டு பக்கமும் அச்சாகிறது.
கறுத்த தூளை எங்கே கொட்டுவது?
இன்னும் தெரியவில்லை.
ஒரு டிரம் நிறைந்து, மூடிபோட்டு நிற்கிறது.

இடவப்பாதி மழையில் அடி வாங்கினோம்.
பேச்சிப்பாறைப் பக்கத்துக் கடைகளிலிருந்து
முந்நூறு குப்பி திரும்பி வந்தது,
லேபிள் ஊறி, படத்துத் தேனீக்கு
ஒரு பக்கத்து இறகு உரிந்து.
சோபனதாஸ் சிரிக்காமல் சொன்னார்:
“பிளாஸ்டிக்கு நனையாதாக்கும்.
அதுக்குத்தானே அதக் கண்டுபிடிச்சான்.”

அந்த மாதமே ஒரு ஜவுளிக்கடை முதலாளி.
ஐயாயிரம் பை, கண்ணாடி மாதிரி மின்னணும்,
ஓரத்தில் ஒரு பச்சை இலை,
கீழே ‘இயற்கையின் நண்பன்’.
தாளை மாற்றிப் பார்க்கலாமா, என்றேன்.
“தாளெல்லாம் இது போதும். இலை நல்லா வரணும்.”
அச்சடித்தேன்.
வாடகை கொடுத்தேன்.
இலை நன்றாகவே வந்தது, நரம்பு நரம்பாக.
இரண்டு நாள் அந்தப் பச்சை
நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜெபக்கனியிடம் சொன்னேன்.
அவள் திட்டவில்லை.
கை கழுவின ஈரத்தோடு ஒரு குப்பியைப் பிடித்தாள்,
விரல் பட்ட இடம் குழைந்தது.
“இத மறைக்காண்டாம். எழுதிப்போடு.”

இப்போது லேபிளின் அடியில்
எட்டுப் புள்ளி எழுத்தில் ஒரு வரி:
இந்தத் தாள் நனைந்தால் கிழியும்.
இலைப் படம் இல்லை.

குலசேகரத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு
குப்பியை இருந்த இடத்தில் வைத்தாராம்.
பின்னால் நின்ற பெண்
சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு
எடுத்தாளாம்.